வழிகாட்டித் திட்டங்களுக்கு நன்கொடை: எதைப் பார்த்து, எப்படிக் கொடுப்பது?

கேள்வி இது: “அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வழிகாட்டிகளை ஏற்பாடு செய்து, அவர்கள் குடும்பங்களுக்கும் துணை நிற்கும் ஓர் அறக்கட்டளைக்கு மாதம் 2,500 ரூபாய் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்படிக் கொடுப்பது நல்லது? வரிச்சலுகை உண்டா?”

வரியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இந்த வகை வேலையில் பணம் எங்கே போகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அது தெரியாமல் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தவறான அமைப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அன்னதானத்தில் 50 ரூபாய்க்கு ஒரு சாப்பாடு என்று கணக்கு நேராக வரும். வழிகாட்டித் திட்டத்தில் அப்படி வராது. மாணவரோடு தொடர்ந்து பழகித் துணை நிற்கும் வழிகாட்டி சம்பளம் வாங்காத தன்னார்வலர், மாணவரும் எதுவும் கட்டுவதில்லை. அப்படியானால் செலவு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். அந்த இருவரையும் ஓராண்டுக்கு மேல் விட்டுப்போகாமல் பிடித்து வைத்திருக்கும் ஒருங்கிணைப்பாளரின் சம்பளம்தான் செலவு. திட்டத்தின் உயிர் அந்த ஆள்தான்.

இதை ஒரு கருத்தாக மட்டும் சொல்லவில்லை. 1904-இல் நியூயார்க்கில் வேர்விட்ட ‘பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்’ அமைப்பின் வழிகாட்டித் திட்டத்தை வைத்து 1995-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 10 முதல் 16 வயதுள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்து 18 மாதம் தொடர்ந்தார்கள். வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருள் பழகத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதமும், ஒரு நாள் பள்ளிக்கு மட்டம் போடும் வாய்ப்பு 52 சதவீதமும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. இந்த எண்களை எல்லா அமைப்புகளும் எடுத்துக்காட்டும். அதே தரவை மறுபடி அலசி 2002-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையைத்தான் பலர் சொல்வதில்லை. உறவு ஓராண்டைத் தாண்டியவர்களிடமே பெரும்பாலான நன்மை தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் வழிகாட்டி விலகிய பிள்ளைகளின் தன்மதிப்பு, வழிகாட்டியே இல்லாத பிள்ளைகளைவிட அதிகமாகச் சரிந்தது. ஏற்கெனவே அப்பாவோ அண்ணனோ விட்டுப்போன வீட்டுப் பிள்ளையிடம், “நான் இருக்கிறேன்” என்று ஒருவர் வந்து மூன்றாவது மாதம் போனை எடுக்காமல் போனால் என்ன நடக்குமோ அதுதான் நடந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “எத்தனை மாணவர்களுக்கு உதவியிருக்கிறீர்கள்?” என்பதல்ல. “போன ஆண்டு தொடங்கிய வழிகாட்டி-மாணவர் இணைகளில் எத்தனை 12 மாதம் தாண்டின? தாண்டாதவை ஏன் முறிந்தன?” என்று கேளுங்கள். நன்றாக நடக்கும் அமைப்பில் இந்த எண் கையோடு இருக்கும். முறிந்ததற்கான காரணங்களும் வரும்: வழிகாட்டிக்கு வேறு ஊருக்கு மாற்றல், மாணவர் வேலைக்குப் போய்விட்டார், வீட்டில் ஒரே ஒரு போன் இருந்தது, அதுவும் அப்பாவிடம். “எல்லா இணைகளும் சிறப்பாகப் போகின்றன” என்று பதில் வந்தால் அங்கே யாரும் எண்ணிப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஓர் ஒருங்கிணைப்பாளர் எத்தனை இணைகளைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். இதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 இணைகள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை வழிகாட்டியிடம் 20 நிமிடம், மாணவரிடம் 20 நிமிடம் பேசினால் சுமார் 27 மணி நேரம் ஆகும். காலாண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய் வருவதென்றால் மாதம் 13 வீடுகள். போக வர இரண்டு மணி நேரம் என்றால் இன்னொரு 26 மணி நேரம். பள்ளி அனுமதி, புதிய வழிகாட்டிகளுக்குப் பயிற்சி, பதிவேடு, திடீரென்று வரும் சிக்கல்கள் எல்லாம் மீதி நேரத்தில்தான். 40 முடியும், 50-உம் இழுத்துப் பிடிக்கலாம். ஒருவருக்கு 150 என்றால் அங்கே நடப்பது அறிமுகக் கூட்டம் மட்டும்தான். இந்த ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 25,000 சம்பளம், பயணமும் போனும் 5,000 என்று வைத்தால் ஓர் இணைக்கு மாதம் 750 ரூபாய் வருகிறது. ஊருக்கு ஊர் மாறும், ஆனாலும் ஒரு அளவு கிடைக்கும்: உங்கள் 2,500 ரூபாய் ஏறத்தாழ மூன்று இணைகளைத் தாங்கும்.

“சம்பளத்துக்குப் போகக்கூடாது, பிள்ளைகளுக்கே போக வேண்டும்” என்று நிபந்தனை போடும் நன்கொடையாளர்கள் நிறையப் பேர். இந்தத் துறையில் அந்த நிபந்தனை பிள்ளைகளுக்கு நேரடியாகவே கேடு செய்கிறது. சம்பளத்துக்குப் பணம் இல்லாத அமைப்பில் ஒருங்கிணைப்பாளர் எட்டு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். அவரோடு 40 குடும்பங்களின் நம்பிக்கையும் போகும். புத்தகப்பை, நோட்டு, சீருடை வழங்கும் விழா என்றால் படம் எடுக்கலாம், ஆள் பிடிக்கலாம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடநூல், பை, எட்டாம் வகுப்பு வரை சீருடை ஆகியவற்றை அரசே கொடுக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கில் சம்பளமும் பயணப்படியும் பெரிய பங்காக இருந்தால் பயப்பட வேண்டாம். ‘நிகழ்ச்சிச் செலவு’, ‘விளம்பரம்’, அறங்காவலருக்கே கட்டும் வாடகை ஆகியவை பெரிதாக இருந்தால் விளக்கம் கேளுங்கள்.

குடும்பத் துணை என்று அமைப்புகள் சொல்வதில் பெரும்பகுதி காகித வேலை. கேட்கச் சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒரு மாணவி கல்லூரியில் நிலைப்பதும் படிப்பை விட்டு நிற்பதும் பல வேளைகளில் இதில்தான் இருக்கிறது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் வரை பின்தொடர வேண்டும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கு 36,000 ரூபாய். நீங்கள் ஓர் ஆண்டு முழுக்கக் கொடுக்கும் 30,000-ஐவிட அதிகம், அதுவும் ஒரே ஒரு மாணவிக்கு. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அப்பாவை இழந்த பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவு உதவி கேட்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

இவற்றில் எங்கே இடறுகிறது? உதவித்தொகை ஆதார் எண்ணோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும். வீட்டில் யாரோ வேறொரு வங்கியில் புதுக் கணக்கு திறந்து ஆதாரை இணைத்திருப்பார்கள், பணம் அங்கே போய்க்கொண்டிருக்கும், மாணவிக்குத் தெரியாது. அல்லது பள்ளியில் திறந்த கணக்கு நெடுநாள் பரிவர்த்தனை இல்லாமல் முடங்கியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் ஒரு முதலெழுத்தும் ஆதாரில் இன்னொன்றும் இருக்கும். இவற்றைத் தெரிந்த ஒரு சமூகப் பணியாளர் அரை நாளில் சரி செய்வார். தெரியாத குடும்பம் ஓராண்டு அலையும். அதனால்தான் அமைப்பிடம், “குடும்பத்துக்கு என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “மளிகை கொடுக்கிறோம்” என்ற பதிலைவிட, “போன ஆண்டு இத்தனை சான்றிதழ், இத்தனை உதவித்தொகை வாங்கிக் கொடுத்தோம்” என்ற பதில் எடை கூடியது. மளிகையும் வேண்டிய நேரம் உண்டு. அப்பா விபத்தில் படுத்துவிட்டால் பிள்ளை வேலைக்குப் போவதை அந்த ஒரு மாதத்து அரிசிதான் நிறுத்தும். அதற்குச் சிறிய அவசர நிதி ஒன்று, யார் கையெழுத்தில் எவ்வளவு வரை எடுக்கலாம் என்ற எழுத்து விதியோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பில் எந்த விட்டுக்கொடுப்பும் கூடாது. அறிமுகமில்லாத ஒரு பெரியவரையும் ஒரு சிறுவரையும் தனித்துப் பழகவைக்கும் திட்டம் இது. வழிகாட்டிகளுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு உண்டா, சந்திப்பு எங்கே நடக்கிறது (பள்ளி, நூலகம், அமைப்பின் அலுவலகம் போன்ற திறந்த இடமா), இணைய உரையாடல் அமைப்பின் செயலி வழியாகவா, தனிப்பட்ட வாட்ஸ்அப்பிலா, பிள்ளைக்கு ஒரு புகார் என்றால் வழிகாட்டியைத் தாண்டி யாரிடம் சொல்லும் என்று கேளுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் காவல்துறையில் தெரிவிப்பது கட்டாயம். “உள்ளுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்வோம்” என்ற பேச்சு காதில் விழுந்தால் அந்த அமைப்புக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா என்பதும் நல்ல அளவுகோல்.

படங்களைப் பற்றி ஒன்று. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். முகம், பெயர், ஊர், “அப்பா குடிகாரர்” என்ற வரி எல்லாம் சேர்த்துப் பதிவிடும் அமைப்பு, பிள்ளையின் வாழ்நாள் முழுக்கத் தேடினால் கிடைக்கும் ஒரு காயத்தை உண்டாக்குகிறது. நன்கொடையாளர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும். “நான் உதவும் பிள்ளையைப் பார்க்க வேண்டும், போன் நம்பர் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். கேட்டதும் கொடுத்துவிடும் அமைப்பு, வேறு யார் கேட்டாலும் கொடுக்கும்.

இனி ஆவணங்கள். அமைப்பு மூன்று வடிவங்களில் ஒன்றாக இருக்கும்: சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான அறக்கட்டளை, 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் உள்ள சங்கம், அல்லது நிறுவனங்கள் சட்டம் 8-ஆம் பிரிவின் கீழ் உள்ள இலாப நோக்கற்ற கம்பெனி. மூன்றும் சரியானவையே. ரசீதில் இருக்கும் பேன் எண்ணின் நான்காவது எழுத்தைப் பாருங்கள். ‘டி’ (T) என்றால் அறக்கட்டளை, ‘சி’ (C) என்றால் கம்பெனி, சங்கங்களுக்குப் பெரும்பாலும் ‘ஏ’ (A). ‘பி’ (P) என்றால் அது ஒரு தனிநபரின் எண். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் வரும் பெயரும் அமைப்பின் பெயராகவே இருக்க வேண்டும், நிறுவனரின் பெயராக அல்ல. வருமான வரித்துறையின் 12ஏபி (12AB) பதிவு அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு தருவது. நன்கொடையாளருக்குச் சலுகை தருவது 80ஜி (80G) ஒப்புதல். ஒன்று இருப்பதால் மற்றது இருப்பதாக எண்ண வேண்டாம். 80ஜி ஒப்புதல் எண்ணின் முதல் பத்து எழுத்துகள் அமைப்பின் பேன் எண்ணாகவே இருக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா, ஒப்புதல் எந்த ஆண்டு வரை செல்லும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தற்காலிக ஒப்புதல் மூன்றாண்டுகள்தான். தன்னார்வ அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு இருப்பது நல்லதே, ஆனால் அது தரச் சான்று அல்ல.

கொடுக்கும் முறை: ஒரே தடவையில் 30,000-ஐவிட மாதம் 2,500 என்று யுபிஐ ஆட்டோபே அல்லது வங்கி ஆட்டோ டெபிட் வழியாகக் கொடுப்பது நல்லது. யுபிஐ ஆட்டோபேயில் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் பின் எண் கேட்காது. மாதாமாதம் வரும் என்று தெரிந்த பணத்தை வைத்துத்தான் அமைப்பு ஓர் ஆளை நம்பி வேலைக்கு எடுக்க முடியும். ஒரே தடவையாகத்தான் முடியும் என்றால் ஏப்ரலில் கொடுங்கள். நன்கொடை வழக்கமாகக் குவிவது தீபாவளிக்கும் மார்ச் கடைசி வாரத்துக்கும். பிள்ளைகளுக்குப் பணம் தேவைப்படுவது மே முதல் ஆகஸ்ட் வரை. அந்த மாதங்களில்தான் பிளஸ் டூ முடிவும் கலந்தாய்வும் விடுதி முன்பணமும் வெளியூர்ப் பயணமும் வரும். அந்த நான்கு மாதத்தில் கையில் பணம் இல்லாமல், சேர்ந்த இடத்தை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு.

பணத்தோடு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: “அமைப்பின் பொதுச் செலவுகளுக்கு”. ‘கார்ப்பஸ் நிதிக்கு’ என்று எழுதினால் அந்தப் பணம் முதலீடாக முடங்கும், வட்டிதான் செலவுக்கு வரும். பெயர் சொல்லாமல் உண்டியலில் போடுவது புண்ணியம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெயர் முகவரி இல்லாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால் அமைப்பு அதற்கு 30 சதவீத வரி கட்ட நேரிடும். விளம்பரம் வேண்டாம் என்றால் அதைச் சொல்லுங்கள், ஆனால் கணக்குக்காகப் பெயர், முகவரி, பேன் எண் மூன்றையும் கொடுத்துவிடுங்கள்.

வரிச்சலுகை: பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான் உண்டு. நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறையில் இருக்கிறீர்கள், அதில் 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையில் இத்தகைய அமைப்புகளுக்குக் கொடுத்ததில் பாதி கழியும். அதற்கும் உச்சவரம்பு, சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் (மற்ற கழிவுகள் போக மீதமுள்ள வருமானம்) 10 சதவீதம். அந்த வருமானம் 9 லட்சம் என்றால் 90,000 வரை கணக்கில் வரும். நீங்கள் கொடுத்த 30,000-இல் 15,000 கழியும். 20 சதவீத வரி அடுக்கில், 4 சதவீத செஸ் சேர்த்து மிச்சமாவது 3,120 ரூபாய். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை இல்லை. பழைய மடிக்கணினி, துணி, புத்தகம் எதற்கும் இல்லை. மடிக்கணினி கொடுப்பதானால் பேட்டரி இரண்டு மணி நேரமாவது தாங்குகிறதா என்று சோதித்து, உங்கள் தரவை அழித்து, சார்ஜரோடு கொடுங்கள். நிதிதிரட்டும் தளங்கள் வழியாகக் கொடுத்தால் தளத்துக்கான ‘டிப்’ தொகை கழிவில் சேராது. தனிநபரின் மருத்துவச் செலவுக்கு நேராகப் போகும் பணமும் சேராது.

ரசீது மட்டும் போதாது. அமைப்பு ஒவ்வொரு மே 31-க்குள் நன்கொடை அறிக்கையை (பழைய சட்டத்தில் 10பிடி, 10BD) வருமான வரித் தளத்தில் ஏற்றி, உங்களுக்கு நன்கொடைச் சான்றிதழ் (பழைய சட்டத்தில் 10பிஇ, 10BE) தர வேண்டும். அதிலிருக்கும் எண்ணைக் கணக்குத் தாக்கலில் குறிப்பிட வேண்டும். தாமதித்தால் அமைப்புக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். சான்றிதழ் வராததற்கு வழக்கமான காரணங்கள் மூன்று: பேன் எண்ணில் ஓர் எழுத்து பிழை, குடும்பத்தில் வேறொருவர் கணக்கிலிருந்து அனுப்பியது, மார்ச் 31 இரவு அனுப்பி ஏப்ரலில் வரவானது. பணம் அனுப்பிய அன்றே பேன் எண்ணை மின்னஞ்சலில் எழுத்தாக அனுப்பினால் முதலாவது தீரும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறை. பழைய 80ஜி அதில் 133-ஆம் பிரிவு. படிவ எண்களும் மாறுவதால், எண்ணைச் சொல்லாமல் ‘நன்கொடைச் சான்றிதழ்’ என்று கேட்டு வாங்குங்கள்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து எங்கிருந்து அனுப்பினாலும் அது உள்நாட்டு நன்கொடையே. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், ரூபாயிலேயே கொடுத்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவுள்ள அமைப்புக்கு மட்டும், பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் அவர்கள் வைத்திருக்கும் கணக்குக்கு மட்டும் அனுப்ப வேண்டும். “என் தம்பி கணக்குக்கு அனுப்புங்கள், நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்” என்று அமைப்பில் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்தப் பணத்தால் பதிவையே இழக்க நேரிடலாம். அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றவும் முடியாது.

நீங்களே வழிகாட்டியாகவும் சேரலாமா என்று அடுத்துத் தோன்றும். குறைந்தது ஓராண்டு, வாரம் ஒரு மணி நேரம் உறுதியாக முடியுமானால் சேருங்கள். மாற்றல் வரப்போகிறது, பிரசவம் நெருங்குகிறது, புது வேலை தேடுகிறீர்கள் என்றால் இந்த ஆண்டு பணம் மட்டும் கொடுங்கள். பணத்தை நிறுத்த வேண்டிய நிலை வந்தாலும் மூன்று மாதம் முன்னதாக அமைப்பிடம் சொல்லிவிடுங்கள். ஒருங்கிணைப்பாளரின் அடுத்த சம்பளத்துக்கு வேறு வழி பார்க்க அவர்களுக்கு அந்த அவகாசம் வேண்டும்.